முதுகெலும்பு அறுவையில் காயத்தொற்றைத் தடுப்பது: அரங்குக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதுகெலும்பு அறுவை அரங்கில் புதிதாகப் பணிக்குச் சேரும் செவிலியர்கள், அரங்க டெக்னீஷியன்கள், பயிற்சி மருத்துவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். எல்லா வகை அறுவைகளையும் பொதுவாகப் பேசினால் எதுவும் மனத்தில் தங்காது என்பதால், ஒரே ஓர் அறுவையை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை அதைப் பின்தொடர்வோம். இடுப்புப் பகுதியில் நழுவிய முள்ளெலும்பை முதுகுப் பக்கமாகத் திறந்து, பெடிக்கிள் ஸ்குரூக்கள் எனப்படும் எலும்புத் திருகுகளும் அவற்றை இணைக்கும் ராடுகளும் பொருத்தி, அடுத்த எலும்போடு இணைக்கும் அறுவை அது. நோயாளி குப்புறப் படுத்திருப்பார். நேரம் 3, 4 மணி வரை நீளலாம். உலோகம் உள்ளேயே தங்கும். வெட்டின் கீழ்முனை மலவாயிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. தொற்று நுழையக்கூடிய வழிகள் ஏறத்தாழ அனைத்தும் இந்த ஓர் அறுவையில் ஒன்றுகூடுகின்றன.

இத்தகைய தொற்றுகளுக்கு மிகப் பெரும்பாலும் காரணமாவது ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா. அது வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. நலமாக இருப்பவர்களிலேயே ஏறத்தாழ 10 பேரில் 3 பேரின் மூக்குத் துவாரத்தில் அது குடியிருக்கிறது. இடுப்பின் கீழ்ப்பகுதிக் காயங்களில் ஈ.கோலை போன்ற குடல் கிருமிகளும் சேர்ந்துகொள்கின்றன. தோலில் இயல்பாக வாழும் வீரியம் குறைந்த கிருமிகள்கூட, உலோகம் கிடைத்துவிட்டால், கிணற்றுப் படிக்கட்டில் படியும் பாசியைப் போல அதன்மேல் வழுவழுப்பான ஒரு படலமாகப் படிந்துகொள்கின்றன. பயோஃபிலிம் எனப்படும் அந்தப் படலத்துக்குள் ஆன்டிபயாடிக் எளிதில் எட்டுவதில்லை. அதனால்தான் உலோகம் பொருத்தாத அறுவைக்குப் பின் 30 நாள் வரை கண்காணிப்பதும், உலோகம் பொருத்திய இணைப்பு அறுவைக்குப் பின் ஆழ்ந்த தொற்றை 90 நாள் வரை தேடுவதும் வழக்கமாக இருக்கின்றன.

என் உறுதியான கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காயம் நலமாக ஆறுமா என்பது, பெரும்பகுதி, கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திலும் காயம் திறந்திருக்கும் நேரத்திலும் முடிவாகிவிடுகிறது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியவற்றில் பாதிக்கு மேல் அறுவை மருத்துவர் கையில் இல்லை. கடிகாரம் பார்ப்பவர், கதவைக் காப்பவர், கருவி ட்ரேயைத் திறப்பவர், நோயாளியின் மேல் கிருமி நீக்கிய டிரேப் துணியை விரிப்பவர் ஆகியோர் கையில், அதாவது உங்கள் கையில், இருக்கிறது.

தேதி குறிக்கும் முன்பே

அவசர அறுவையல்லாத இத்தகைய இணைப்பு அறுவைக்கு முன்னதாகச் சில வாரங்கள் கிடைக்கும். அந்த வாரங்களை வீணாக்கக் கூடாது. நீரிழிவு உள்ளவருக்கு, கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவைப் பார்த்து, அது 8 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரும்வரை தேதியைத் தள்ளிவைப்பதே பெரும்பாலான மருத்துவர்களின் வழக்கம். இரத்தத்தில் ஆல்புமின் என்னும் புரதம் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழே இருந்தால் உடலுக்குக் காயத்தை ஆற்றும் சத்து குறைவு என்று பொருள். உணவில் புரதத்தைக் கூட்டச் சொல்ல வேண்டும். புகைப்பவர் குறைந்தது 4 வாரங்களுக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். முதுகில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால், அந்த ஊசிக்கும் இணைப்பு அறுவைக்கும் இடையே ஒரு மாதமாவது இடைவெளி விடுவது நல்லது.

முதுகின் தோலை நேரில் பார்க்காமல் யாரையும் அறுவைக்கு அனுப்பக் கூடாது. வெட்டு விழும் இடத்துக்கு அருகே கட்டியோ, சீழ்க் கொப்புளமோ, சொறிந்து புண்ணான படையோ இருந்தால் அறுவையைத் தள்ளிவைக்க அது போதுமான காரணம். முதுகுவலிக்காகச் சூடான ஒத்தடம் கொடுத்துத் தோல் வெந்திருப்பவர்களும், தைலம் தேய்த்துத் தடிப்பு வந்தவர்களும் நம்மிடம் வருவதுண்டு. கேட்டால் பலர் சொல்ல மாட்டார்கள், சட்டையை விலக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

மூக்கில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் இருக்கிறதா என்று பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துப் பார்க்கும் வசதி உள்ள மருத்துவமனைகளில், இருப்பது உறுதியானால் 2 சதவீத முபிரோசின் களிம்பை இரு துவாரங்களிலும் தினமும் இருமுறை 5 நாள் தடவச் சொல்கிறார்கள். அதனோடு குளோர்ஹெக்சிடின் திரவத்தால் குளிக்கவும் சொல்வதுண்டு.

முந்தைய இரவும் அறுவை நாள் காலையும்

அறுவைக்கு முந்தைய இரவிலோ அன்று காலையிலோ நோயாளி முழுக் குளியல் குளிக்க வேண்டும். சாதாரண சோப்பாக இருந்தாலும் சரி, கிருமிநாசினி சோப்பாக இருந்தாலும் சரி, குளிப்பதுதான் முக்கியம். குளித்தபின் எண்ணெய், பவுடர், களிம்பு எதுவும் பூசக் கூடாது. துவைத்த உடையையும் துவைத்த விரிப்பையும் பயன்படுத்த வேண்டும்.

முடியை மழிப்பது பற்றிய பழைய பழக்கம் இன்னும் சில வார்டுகளில் தொடர்கிறது. ரேசரால் மழிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் தோலெங்கும் விழுகின்றன. இரவு முழுதும் அந்தக் கீறல்களில் கிருமிகள் பெருகுகின்றன. ஆகவே முடியை அப்படியே விட்டுவிடுவதே முதல் தேர்வு. அறுவைக்குத் தடையாக இருந்தால் மட்டும் மின்சார கிளிப்பரால், அரங்குக்குள் வருவதற்குச் சற்று முன், வெளி அறையில் கத்தரிக்கலாம். ரேசர் எந்த நிலையிலும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட அறுவைக் காயத்தொற்றுத் தடுப்பு வழிகாட்டுதல்களில் மிகத் திட்டவட்டமாகச் சொல்லப்பட்ட பரிந்துரைகளில் இதுவும் ஒன்று.

நம் ஊர் நோயாளிகளிடம் தனியே கவனிக்க வேண்டிய ஒன்று அரைஞாண் கயிறு. அது கட்டியிருக்கும் இடமும் நான்காம், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புக்காக நாம் வெட்டும் இடமும் ஏறத்தாழ ஒன்றே. ஆண்டுக்கணக்கில் வியர்வையும் எண்ணெயும் ஊறிய கயிறு அது. அரங்க மேசையில் நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது அதைக் கண்டுபிடித்துக் கத்தரிப்பது அவருக்குச் செய்யும் அவமதிப்பு. டேப் போட்டு ஒதுக்கிவிட்டு அறுவையைத் தொடங்குவது அதைவிடத் தவறு. முந்தைய நாளே, "அம்மா, கத்தி வைக்கிற இடத்துலயே இந்தக் கயிறு வருது, இதை நீங்களே கழற்றிக் கொடுத்துடுங்க, காயம் ஆறினதும் புதுசா கட்டிக்கலாம்" என்று சொன்னால் மறுப்பவர் மிகச் சிலரே. வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு கழற்றச் சொன்னால் இன்னும் எளிது. தாயத்து, இடுப்பில் செருகியிருக்கும் மந்திரித்த தகடு, கழுத்து முள்ளெலும்பு அறுவையானால் கழுத்துக் கயிறு, எண்ணெய் தேய்த்த பின்னல் என எல்லாவற்றுக்கும் இதே முறைதான். வார்டிலிருந்து அரங்குக்கு அனுப்பும் சரிபார்ப்புத் தாளில் இதற்கென ஒரு வரி இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

ட்ரேக்கள் வந்து சேரும் விதம்

முதுகெலும்பு அறுவைக்கான ஸ்குரூ, ராடு, அவற்றைப் பொருத்தும் கருவிகள் ஆகியவற்றைப் பல மருத்துவமனைகள் சொந்தமாக வைத்திருப்பதில்லை. கம்பெனியின் டீலர் அறுவைக்கு முன் அவற்றைக் கொண்டுவந்து கொடுத்து, முடிந்ததும் எடுத்துச்சென்று அடுத்த மருத்துவமனைக்குக் கொடுக்கிறார். அந்த ட்ரே நேற்று வேறொரு நோயாளியின் முதுகெலும்புக்கு அருகில் இருந்தது என்பதை மறக்கவே கூடாது. "கழுவித்தான் கொண்டுவந்திருக்கேன் சிஸ்டர்" என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அது நம் கணக்கில் சேராது. கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கும் நம் மருத்துவமனையின் சி.எஸ்.எஸ்.டி. பிரிவில் ஒவ்வொரு கருவியையும் பிரித்து, குழாய் போன்ற கருவிகளின் உட்புறத்தைத் தூரிகையால் தேய்த்து, கழுவி, உலர்த்தி, அதன்பின் ஆட்டோகிளேவ் செய்ய வேண்டும். அழுக்கு ஒட்டியிருக்கும் கருவியை எவ்வளவு நேரம் நீராவியில் வைத்தாலும் அது தூய்மையாகாது. இதற்கெல்லாம் நேரம் வேண்டும் என்பதால், ட்ரே அறுவை நாள் காலையில் வந்து இறங்குவதை ஏற்கக் கூடாது. குறைந்தது முந்தைய நாளாவது வர வேண்டும்.

வெற்றிடமாக்கி நீராவி செலுத்தும் இயந்திரங்களில் 134 டிகிரி செல்சியஸில் 3 முதல் 4 நிமிடம் வரை சூடு நிலைத்து நிற்க வேண்டும். அதற்குப்பின் உலர்த்தும் நேரம் தனி. முதுகெலும்பு ட்ரேக்கள் கனமானவை. அளவுக்கு மீறிக் கருவிகளை அடுக்கினால் நீராவி உள்ளே சரியாகப் பரவாது, பொதி ஈரத்தோடு வெளிவரும். ஈரமான பொதியைக் கிருமி நீக்கியதாகக் கொள்ளக் கூடாது, திருப்பி அனுப்ப வேண்டும். உள்ளே தங்கும் உலோகம் இருக்கும் சுமையோடு, ஜியோபாசிலஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் வித்துகள் கொண்ட உயிரியல் சோதனைக் குப்பியையும் வைத்து, அதன் முடிவு வந்தபிறகே ட்ரேயை அரங்குக்கு விடுவது சரியான முறை. ஸ்குரூ ஒன்று கீழே விழுந்துவிட்டால், அவசரமாக விரைவு ஆட்டோகிளேவில் போட்டு எடுத்துத் தரும்படி யாராவது கேட்கலாம். உள்ளே விடப்போகும் உலோகத்துக்கு அந்தக் குறுக்குவழி கூடாது. அதனால்தான் ஒவ்வோர் அளவிலும் ஓரிரு ஸ்குரூக்கள் கூடுதலாக இருக்கின்றனவா என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

காற்றும் கதவும்

அரங்கின் காற்றழுத்தம் வெளியிலுள்ள நடையைவிடச் சற்று அதிகமாக வைக்கப்பட்டிருப்பதால், கதவு மூடியிருக்கும்வரை காற்று உள்ளிருந்து வெளியேதான் செல்லும். மணிக்குக் குறைந்தது 20 முறை அறையின் காற்று மாற வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் இந்த ஒழுங்கு குலைகிறது. யார் திறந்தார்கள் என்று கவனித்துப் பார்த்தால் காரணங்கள் எளியவை என்று தெரியும்: நூல் எடுக்க, ரத்தப் பை வந்ததா என்று கேட்க, அடுத்த நோயாளி தயாரா என்று எட்டிப்பார்க்க, ஆள் மாற. பாதிக்கு மேல் தவிர்க்கக்கூடியவை. தேவைப்படக்கூடிய நூல், காயத்திலிருந்து ரத்தத்தை வடிக்கும் டிரெய்ன் குழாய், எலும்பு மெழுகு, கூடுதல் கையுறை ஆகியவற்றைத் தொடங்குமுன்பே உள்ளே எடுத்து வைப்பதும், மற்றவற்றைத் தொலைபேசியில் கேட்பதும் மேசையில் நிற்காமல் அரங்குக்குள் சுற்றி உதவும் செவிலியரின் வேலை. டீலரின் பிரதிநிதி உள்ளே இருந்தால் அவருக்கும் அதே விதி. மேசையிலிருந்து விலகி ஒரே இடத்தில் நிற்க வேண்டும், போய்வந்துகொண்டிருக்கக் கூடாது.

ஃபார்மலின் புகை போட்டால் அரங்கு தூய்மையாகிவிடும் என்ற நம்பிக்கை இன்னும் வலுவாக இருக்கிறது. ஃபார்மலினிலுள்ள ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தப்பட்டது. மேலும் தூசியும் ரத்தக்கறையும் இருக்கும் பரப்பில் புகை எதையும் சாதிப்பதில்லை. ஒவ்வோர் அறுவைக்கும் இடையில் மேசை, விளக்கின் கைப்பிடி, மானிட்டர் பொத்தான்கள், அரங்கிலேயே எக்ஸ்ரே எடுக்கும் சி-ஆர்ம் இயந்திரத்தின் பிடிகள் ஆகியவற்றைக் கையால் அழுத்தித் துடைப்பதே பயன் தரும் வேலை. அதை விட்டுவிட்டுப் புகையை நம்புவதை நான் ஏற்கவில்லை.

கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து

தடுப்பு ஆன்டிபயாடிக்கின் நோக்கம், கத்தி தோலைத் தொடும் அந்தக் கணத்தில் திசுக்களில் மருந்து நிறைந்திருக்க வேண்டும் என்பதே. பெரும்பாலும் கொடுக்கப்படும் செஃபசோலினை, வெட்டுக்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் சிரை வழியாக 2 கிராம் கொடுக்க வேண்டும். 120 கிலோவுக்கு மேல் எடையுள்ளவருக்கு 3 கிராம். வார்டிலேயே போட்டு அனுப்பிவிட்டு, மயக்கம் கொடுத்து, குழாய்கள் செருகி, குப்புறத் திருப்பிப் படுக்கவைத்து, எக்ஸ்ரேயில் எலும்பை அடையாளம் கண்டு முடிப்பதற்குள், முதுகெலும்பு அறுவையில் அந்த 60 நிமிடம் கடந்துவிடும். எனவே இம்மருந்து அரங்குக்குள், மயக்க மருத்துவரின் கையால் கொடுக்கப்பட வேண்டியது. வான்கோமைசின் தேவைப்படும் நோயாளிக்கு மட்டும் கணக்கு வேறு: கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம், குறைந்தது ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகச் செலுத்த வேண்டியிருப்பதால், வெட்டுக்கு முந்தைய 120 நிமிடத்துக்குள் தொடங்க வேண்டும்.

பெனிசிலின் ஒவ்வாமை என்று கோப்பில் எழுதியிருந்தால் அதை உரக்கச் சொல்லுங்கள். என்ன நடந்தது, மூச்சுத்திணறலா, சாதாரண வயிற்றுப்போக்கா என்று மயக்க மருத்துவர் விசாரித்து முடிவெடுப்பார். செஃபசோலினின் அமைப்பு பெனிசிலினிலிருந்து பெரிதும் வேறுபட்டதால், பலருக்கு அதையே பாதுகாப்பாகக் கொடுக்க முடிகிறது. ஆனால் அந்த முடிவு நம்முடையது அல்ல.

புதியவர்கள் தவறவிடுவது இரண்டாவது டோஸை. முதல் டோஸ் கொடுத்த நேரத்திலிருந்து 4 மணி ஆனாலும், அல்லது ரத்தப்போக்கு 1,500 மில்லிலிட்டரைத் தாண்டினாலும், செஃபசோலினை மீண்டும் கொடுக்க வேண்டும். முதல் டோஸின் நேரத்தை அரங்கின் வெள்ளைப் பலகையில் பெரிதாக எழுதி, அதன் கீழேயே அடுத்த டோஸுக்கான நேரத்தையும் எழுதிவிடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைக்குமுன் எல்லோரும் நின்று கேட்கும் கேள்விகளில் ஆன்டிபயாடிக் 60 நிமிடத்துக்குள் கொடுக்கப்பட்டதா என்பதும் ஒன்று. பதில் "ஆமாம்" என்பதோடு நிற்காமல் "8.40-க்கு" என்று நேரத்தோடு வர வேண்டும்.

காயத்தை மூடியபின் தடுப்பு மருந்தைத் தொடர வேண்டியதில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. டிரெய்ன் குழாய் இருக்கிறது என்பதும் தொடர்வதற்குக் காரணம் ஆகாது. ஐந்து நாள், ஏழு நாள் என்று நீட்டுவதால் தொற்று குறைவதில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகள்தான் வளர்கின்றன.

குப்புறப் படுக்கவைத்தல், தோலைத் தயார் செய்தல்

வயிறு அழுந்தாமல் தொங்கும்படி நோயாளியைச் சட்டகத்தில் படுக்கவைத்தால் முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைகளில் அழுத்தம் குறைந்து ரத்தப்போக்கு குறையும். ரத்தம் குறைவாகப் போனால் நேரமும் குறையும், ரத்தம் ஏற்றும் தேவையும் குறையும். இவை மூன்றும் தொற்றோடு தொடர்புள்ளவை. புட்டப் பிளவைத் தோல் தயாரிப்புக்கு முன்பே ஒட்டும் பிளாஸ்டிக் தாளால் மூடி, வெட்டும் பகுதியிலிருந்து பிரித்துவிட வேண்டும்.

தோலுக்கு ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினே முதல் தேர்வு. பூசியபின் குறைந்தது 3 நிமிடம் தானாக உலர விட வேண்டும். துணியால் ஒற்றி எடுக்கக் கூடாது. உலர்வதற்குக் காத்திருப்பதில் இரண்டு காரணங்கள் உண்டு. உலரும்போதுதான் மருந்து வேலை செய்து முடிக்கிறது; மேலும் ஈரமான ஆல்கஹாலின் அருகே, மின்சூட்டால் ரத்தக்கசிவை நிறுத்தும் கவுட்டரியின் பொறி பட்டால் தீப்பற்றும். குப்புறப் படுத்தவரின் இடுப்புப் பள்ளத்திலும் விலாவின் ஓரத்திலும் திரவம் வழிந்து குளமாகத் தேங்கும்; விரிப்பு நனைந்திருந்தால் டிரேப் விரிப்பதற்குமுன் அதை மாற்றிவிட வேண்டும். குளோர்ஹெக்சிடின் நரம்புத் திசுவுக்கு நஞ்சு என்பதால், தோலைத் திறந்தபின் அந்தக் கிண்ணம் மேசையில் இருக்கவே கூடாது.

மயக்கம் கொடுத்த முதல் ஒரு மணி நேரத்தில் உடலின் உள்வெப்பம் 1 முதல் 1.5 டிகிரி வரை இறங்கிவிடும். குளிர்ந்த உடலில் தோலுக்கு ரத்த ஓட்டம் குறைந்து, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மந்தமாகின்றன. ஆஸ்திரியாவில் ஆண்ட்ரியா குர்ஸும் டேனியல் செஸ்லரும் குழுவினரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், பெருங்குடல் அறுவை செய்துகொண்ட 200 பேரில், குளிர விடப்பட்டவர்களில் 19 சதவீதத்தினருக்கும், வெப்பம் காக்கப்பட்டவர்களில் 6 சதவீதத்தினருக்கும் காயத்தொற்று ஏற்பட்டது. அது குடல் அறுவை என்றாலும் உடலியல் ஒன்றே. நோயாளி 36 டிகிரிக்குக் கீழே இறங்காதபடி, மயக்கம் கொடுக்கும் முன்பிருந்தே வெப்பக்காற்றுப் போர்வை போட வேண்டும். கௌன் அணிந்த மருத்துவருக்கு வியர்க்கிறது என்பதற்காக ஏசியின் வெப்பநிலையை மிகவும் குறைத்துவிடாதீர்கள்.

காயம் திறந்திருக்கும்போது

கை கழுவுவது 2 முதல் 5 நிமிடம். நகம் வெட்டியிருக்க வேண்டும், மோதிரம், வளையல், கை கயிறு எதுவும் கூடாது. கையுறை இரட்டையாகப் போடுங்கள். எலும்பின் கூர்முனைகளும் உலோகமும் புழங்கும் இந்த அறுவையில் கையுறை ஓட்டையாவது சாதாரணம், பல நேரம் அது தெரிவதும் இல்லை. மேல் கையுறையை, உலோகத்தைக் கையாளத் தொடங்குமுன் ஒருமுறை, டிரேப் விரித்து முடித்ததும் ஒருமுறை மாற்றுவது நல்ல பழக்கம்.

ஸ்குரூ ட்ரேயை மற்ற ட்ரேக்களோடு சேர்த்து முதலிலேயே திறந்து வைக்காதீர்கள். தசையை விலக்கி, எலும்பை வெளிக்கொணர்ந்து, ஸ்குரூ போடும் கட்டம் வருவதற்குள் ஒரு மணி நேரம் ஆகலாம். அதுவரை திறந்து கிடக்கும் ட்ரேயின் மேல் காற்றிலுள்ள துகள்கள் தொடர்ந்து விழுகின்றன. தேவைப்படும் நேரத்தில் திறப்பது சிறந்தது. முன்பே திறக்க நேர்ந்தால் கிருமி நீக்கிய துணியால் மூடிவையுங்கள். ஸ்குரூவை விரலால் புரிப்பகுதியில் பிடித்து எடுக்காமல், ஸ்குரூ டிரைவரை ஸ்குரூவின் தலையில் மாட்டி, ட்ரேயிலிருந்து நேரே தூக்கி, எதன்மேலும் படாமல் மருத்துவரிடம் கொடுக்க வேண்டும். எலும்புக்குள் போகும் புரிகளைக் கையுறை தொடவே கூடாது என்று பழகிக்கொண்டால் மற்றவை தானாக வரும்.

சி-ஆர்ம் இந்த அறுவையின் தனிச் சிக்கல். நேர்ப்படம் எடுக்கும்போது அதன் படம் வாங்கும் தலை நோயாளியின் முதுகுக்கு மேலே நிற்கிறது. பக்கவாட்டுப் படத்துக்குச் சுழலும்போது, மேசைக்குக் கீழே, தரைக்கு அருகில் இருந்த பகுதி மேலெழுந்து காயத்தின் பக்கத்துக்கு வருகிறது. உறை போட்டிருந்தாலும், அறுவை தொடங்கிய சிறிது நேரத்திலேயே அந்த உறை, குறிப்பாக அதன் மேல்பகுதி, மாசுபட்டதாகவே கொள்ள வேண்டும். எனவே படம் எடுக்குமுன் காயத்தைக் கிருமி நீக்கிய துணியால் மூடுங்கள். உறையில் கை ஊன்றாதீர்கள். பட்டுவிட்டால் கையுறையை மாற்றுங்கள். மைக்ராஸ்கோப் வைத்திருந்தால் அதன் கண் வைக்கும் பகுதிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

தசையை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டர், அழுத்தும் இடத்தில் ரத்த ஓட்டத்தை நிறுத்துகிறது. மணிக்கணக்கில் தளர்த்தாமல் விட்டால் அந்தத் தசை இறந்து கிருமிக்கு உணவாகிறது. ஒரு மணி நேரம் ஆனதும் "ரிட்ராக்டரைத் தளர்த்தலாமா சார்?" என்று கேட்பது, மேசையில் கருவிகளை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸின் உரிமை. நல்ல மருத்துவர் எவரும் அதற்குக் கோபப்பட மாட்டார்.

மூடுமுன்

ஏராளமான சலைனால் காயத்தைக் கழுவி, நிறம் மாறிய, சுருங்காத தசையை மருத்துவர் வெட்டி நீக்குவார். நீர்த்த போவிடோன் அயோடினால் ஊறவைக்கும் முறைக்கு முதுகெலும்பு அறுவையிலேயே ஆதாரம் உண்டு: தைவானில் 414 நோயாளிகளிடம் நடத்தி 2005-இல் வெளியான ஆய்வில், 0.35 சதவீதக் கரைசலில் 3 நிமிடம் ஊறவைத்துச் சலைனால் கழுவிய 208 பேரில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. சலைன் மட்டும் பயன்படுத்திய 206 பேரில் 7 பேருக்கு வந்தது. புட்டியிலிருந்து அப்படியே ஊற்றும் அடர்த்தி அல்ல இது. எவ்வளவு சலைனில் எவ்வளவு மருந்து என்பதைக் கணக்கிட்டு, கிண்ணத்தின் மேல் எழுதி ஒட்ட வேண்டும். தண்டுவட உறை கிழிந்திருந்தால் இதைப் பயன்படுத்தக் கூடாது.

காயத்துக்குள் வான்கோமைசின் பொடி தூவுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. பழைய பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்த பல ஆய்வுகள் அதற்குச் சாதகமாக இருந்தன. ஆனால் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் ராஜசேகரன் குழுவினர் 907 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பொடி தூவியவர்களில் 1.61 சதவீதம், தூவாதவர்களில் 1.68 சதவீதம் எனத் தொற்று ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. மற்ற ஒழுங்குகள் சரியாக நடக்கும் அரங்கில் பொடி கூடுதலாகச் செய்யக்கூடியது குறைவு என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். உங்கள் மருத்துவர் பொடி கேட்டால் கொடுங்கள். அது இருக்கிறதே என்று முன் சொன்ன படிகளில் எதையும் தளர்த்தாதீர்கள்.

தசையுறையை இடைவெளியின்றித் தைத்து, உள்ளே ரத்தம் தேங்கும் வெற்றிடம் இல்லாமல் மூடுவது மருத்துவரின் கலை. கட்டுப் போடுவது நம்முடையது. கீழ்முனையில், புட்டப் பிளவுக்கு அருகில், கட்டின் ஓரம் முதலில் பிரியும். பெட்பேன் வைக்கும்போது அங்கேதான் அழுக்கு நுழையும். நீர் புகாத கட்டை அந்த முனையில் மட்டும் இன்னும் சற்று அகலமாக ஒட்டி அழுத்துங்கள்.

வார்டிலும் வீட்டிலும்

நனைந்தாலோ பிரிந்தாலோ ஒழிய, கட்டை 48 மணி நேரம் திறக்க வேண்டாம். ரவுண்ட்ஸ் வருபவர் ஒவ்வொருவரும் பிரித்துப் பார்ப்பது தொற்றுக்கு வாசல் திறப்பது. டிரெய்னும் சிறுநீர்க் குழாயும் இன்று ஏன் இன்னும் இருக்கின்றன என்று தினமும் கேளுங்கள். அறுவைக்குப் பிந்தைய நாட்களில் ரத்தச் சர்க்கரை 200-க்குக் கீழே நிற்க வேண்டும். முன்பு நீரிழிவு இல்லாதவருக்கும் அறுவையின் அழுத்தத்தில் அது ஏறலாம்.

முதல் இரண்டு நாள் லேசான காய்ச்சல் இயல்பு. தொற்று பெரும்பாலும் 10 நாள் முதல் 2 வாரத்துக்குள், நோயாளி வீட்டிலிருக்கும்போதுதான் தலைகாட்டுகிறது. குறைந்துவந்த வலி மறுபடி கூடுவது, இரவில் தூங்கவிடாத முதுகுவலி, தையலிலிருந்து நீர் கசிவது, குளிரோடு காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அறுவை செய்த மருத்துவமனைக்கே வரச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். உடலின் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்னும் ரத்தப் பரிசோதனையின் அளவு அறுவைக்குப் பின் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் இரண்டு வாரத்துக்குள் இறங்கிவிடும். இறங்கியது மறுபடி ஏறினால் வேறு காரணம் கண்டுபிடிக்கும்வரை தொற்று என்றே கருத வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது சொல்ல வேண்டியவற்றில் முக்கியமானது இது: காயத்தில் கசிவு கண்டால் பக்கத்து மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட வேண்டாம். இரண்டு நாள் மாத்திரை போட்டுவிட்டு வந்தால், ஆழத்திலிருந்து எடுக்கும் மாதிரியில் கிருமி வளராமல் போய், எந்த மருந்து கொடுப்பது என்றே தெரியாமல் திண்டாட வேண்டியிருக்கும். அதுவே முதல் நாளே வந்தால், காயத்தைத் திறந்து கழுவி, சரியான மருந்து கொடுத்து, பெரும்பாலும் ஸ்குரூக்களை எடுக்காமலேயே காப்பாற்ற முடிகிறது. இதைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, உடன் வந்திருக்கும் மகனோ மருமகளோ ஒருவரை வைத்துக்கொண்டு படித்துக்காட்டி, கூப்பிட வேண்டிய எண்ணையும் அதிலேயே எழுதிக் கொடுங்கள். அரங்கிலுள்ள பதிவேட்டில் அந்த நோயாளியின் பெயருக்கு நேரே 14, 30, 90 ஆகிய நாட்களுக்கான தேதிகளைக் குறித்து, அந்தத் தேதிகளில் தொலைபேசியில் விசாரித்து, காயத்தின் நிலையை நிரப்புங்கள்.